வீட்டுக்கும் சான்று, வாக்குக்கும் சான்று: தாராவித் தமிழருக்கு வாக்காளர் பட்டியல் ஏன் முக்கியம்?

மும்பை: தாராவியில் வாக்காளர் பட்டியல் தேர்தல் நாளன்று மட்டும் பயன்படும் ஆவணம் அன்று. ஒரு குடும்பம் எந்த ஆண்டு முதல் அங்கு வசிக்கிறது என்பதற்கான சான்றாகவும் அது ஏற்கப்படுகிறது. மறுசீரமைப்புத் திட்டம் நடைபெற்று வரும் இவ்வேளையில், பட்டியலில் பெயர் இருப்பதன் முக்கியத்துவம் மேலும் கூடியுள்ளது.

பட்டியலும் வீடும்

மகாராஷ்டிரத்தில் குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டம் கொண்டுவரப்பட்டபோது, 1995 ஜனவரி 1ஆம் தேதிக்குரிய வாக்காளர் பட்டியலே தகுதியின் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. பின்னர் இக்காலவரம்பு 2000 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது.

அதானி குழுமமும் மாநில அரசும் இணைந்து செயல்படுத்தும் தற்போதைய திட்டத்தின்படி, அந்நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசமாக வழங்கப்படும். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியோருக்குத் தாராவிக்கு வெளியே 2.5 லட்சம் ரூபாய்க்கு வீடு அளிக்கப்படும். எனவே, பழைய பட்டியலில் பெற்றோரின் பெயர் இடம்பெற்றிருந்தால், இன்று பிள்ளைகள் தங்கள் உரிமையை நிறுவ அது துணைபுரிகிறது.

ஊரிலா, மும்பையிலா?

தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் பெருமளவில் வாழ்கின்றனர். அவர்களில் ஆதிதிராவிடர்கள் கணிசமானோர். சொந்த ஊரில் பெயர் நீக்கப்பட்டால் ஊருடனான தொடர்பே அறுந்துவிடும் என்று கருதி, வாக்கை அங்கேயே வைத்திருப்போரும் உண்டு.

ஆனால், 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் ஓரிடத்தில் மட்டுமே வாக்காளராகப் பதிவு செய்ய முடியும். ஊரில் வாக்கு வைத்திருப்பவர், தாராவியின் குடிநீர், கழிவுநீர், பொதுக் கழிப்பிடம் ஆகியவை குறித்து முடிவெடுக்கும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க இயலாது.

தமிழர்கள் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் தென்மத்திய மும்பை மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை. தாராவி சட்டமன்றத் தொகுதி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. அண்டைத் தொகுதியான சயான் கோலிவாடாவில், தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட ஆர். தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வெற்றி பெற்றார்.

மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிவடைந்தபின், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நிர்வாகியின் ஆட்சியே நடைபெற்றது. வார்டு உறுப்பினர் இல்லாத அக்காலத்தில், குறைகளை எடுத்துச் செல்ல மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பிரதிநிதி இருக்கவில்லை.

எளிதில் கிடைத்த உரிமை அன்று

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தும் கல்வியும் உடையோருக்கே வாக்குரிமை இருந்தது. ஒடுக்கப்பட்டோருக்கும் அது வேண்டும் என்று அம்பேத்கர் 1919ஆம் ஆண்டிலேயே சவுத்பரோ குழுவின் முன் வாதிட்டார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு, வயதுவந்த அனைவருக்கும் அவ்வுரிமையை அளித்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ, எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகளால் கறுப்பின மக்கள் பட்டியலில் சேர முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது. செல்மா பேரணிகளுக்குப் பின், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே அதனை மாற்றியது. அங்கும் போராட்டத்தின் தொடக்கம் பட்டியலில் பெயர் சேர்ப்பதாகவே இருந்தது. அம்மக்களின் போராட்டங்களால் ஈர்க்கப்பட்டே, 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் அமைப்பு உருவானது.

வாக்காளர் செய்ய வேண்டியது என்ன?

* 18 வயது நிறைந்தோர், புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6 அளிக்க வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் தகுதி நாளாகக் கொள்ளப்படும்.

* முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8 உரியது. மறுசீரமைப்பின் காரணமாக வேறிடம் செல்வோர் இதனைத் தவறாமல் அளிக்க வேண்டும்.

* அடையாள அட்டை இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையெனில் வாக்களிக்க முடியாது. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ 1950 என்ற உதவி எண்ணிலோ விவரம் கேட்டறியலாம்.

* மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குப்பதிவு நாளன்று ஊதியத்துடன் கூடிய விடுப்பு பெறத் தினக்கூலித் தொழிலாளர்களுக்கும் சட்டப்படி உரிமை உண்டு.