வெப்பமானி இல்லாத ஊருக்கு வெப்பநிலை சொல்வது எப்படி?

நெல் பூக்கும் நாட்களில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மணி பிடிப்பது குறைந்து பதர் கூடும். எனவே வெப்பநிலைக் கணக்கில் வரும் இரண்டு பாகைப் பிழை விவசாயிக்குச் சிறு பிழையன்று. விதைப்புக் காலம், பயிரினத் தெரிவு, சில இடங்களில் பயிர்க் காப்புறுதியின் நட்டஈடு என்பனவும் இத்தகைய கணக்குகளில் தங்கியுள்ளன.

வானிலை நிலையம் இல்லாத பிரதேசத்துக்கு இக்கணக்கு எங்கிருந்து வருகிறது? ஆய்வாளர்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றனர். நிலையம் இல்லாத கட்டத்தை வெறுமையாக விடுவர். அல்லது அயல் நிலையங்கள், செய்மதி, கணனி ஆகியவற்றின் துணையுடன் மதிப்பிட்டு நிரப்புவர். அளந்த எண்ணும் மதிப்பிட்ட எண்ணும் வரைபடத்தில் ஒரே மாதிரியே தோன்றும்.

வெறுமையாக விடுவதாலும் பிழை வரும். பிரித்தானியாவில் தயாரான ஹட்குரட்-4 என்னும் தரவுத் தொகுதி பூமியின் ஏறத்தாழ 84 சதவீதத்தையே உள்ளடக்கியது. வட துருவப் பகுதியிலும் ஆபிரிக்காவின் சில பாகங்களிலும் இடைவெளிகள் இருந்தன. வட துருவமோ மிக வேகமாகச் சூடேறும் பகுதி. 2013 இல் கெவின் கௌட்டன், ரொபேர்ட் வே ஆகிய ஆய்வாளர்கள் இந்த இடைவெளிகளை நிரப்பிப் பார்த்தனர். 1997 முதல் 2012 வரை பத்தாண்டுக்கு 0.05 பாகை எனத் தெரிந்த வெப்ப உயர்வு, ஏறத்தாழ 0.12 பாகையாயிற்று. 2020 இல் வெளிவந்த ஹட்குரட்-5 தொகுதியிலும் இடைவெளிகளை நிரப்பும் முறை சேர்க்கப்பட்டது.

நிரப்பிய எண்ணை எப்படி நம்புவது? அளவீடு உள்ள ஓர் இடத்தை மறைத்துவிட்டு, அங்குள்ள வெப்பநிலையை அதே முறையால் கணிக்க வேண்டும். பின் உண்மை அளவீட்டுடன் ஒப்பிட வேண்டும். தொகுதியை ஆக்கப் பயன்பட்ட நிலையத்தையே சாட்சிக்கு அழைப்பது, விடையைப் பார்த்தெழுதிய மாணவனுக்குப் புள்ளியிடுவது போன்றது.

நிலத்தின் உயரமும் முக்கியம். ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை. நுவரெலியாவில் 16 பாகை. 55 கிலோமீற்றர் அகலமான ஒரு கட்டத்துள் மலையுச்சியும் அடிவாரமும் சேர்ந்தால், கிடைக்கும் சராசரி இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

ஆகவே, எமது நிலம் பற்றிய திட்டமொன்று வெப்பநிலை வரைபடத்துடன் வரும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். மிக அருகிலுள்ள நிலையம் எது, அது எமது நிலத்தின் உயரத்தில் உள்ளதா? தொகுதியில் சேராத அளவீட்டுடன் ஒப்பிட்டார்களா? மாதச் சராசரி மட்டுமன்றி, பூக்கும் காலத்தின் உச்ச வெப்பமும் சரியாக வருகிறதா?

நாமும் அளந்து வைக்கலாம். உச்ச, இழிவு வெப்பமானியொன்றை நேர்வெயில் படாமல், காற்றோட்டமான இடத்தில், நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் கொப்பியில் எழுத வேண்டும். குடும்பம் இடம் மாறினால் மாறிய திகதியையும் புதிய இடத்தையும் குறிப்பது அவசியம். இல்லாவிடில் இடமாற்றம் காலநிலை மாற்றமாகத் தோன்றிவிடும். சில வருடப் பதிவு முழு வரலாற்றைச் சொல்லாது. ஆனால் பிறர் எமது நிலத்துக்குக் கணித்த எண்ணைச் சோதிக்க அது உதவும்.