வீட்டு முயலும் குடும்பத்தார் பொறுப்பும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் பாலக்காட்டு வாடகை வீடுகளிலும் திண்ணையோரத்தில் முயற்கூண்டு ஒன்றைக் காண்பது புதுமையன்று. குழந்தைகள் நச்சரித்ததன் பேரில் தந்தையார் சந்தையிலிருந்து இரண்டு குட்டிகளை வாங்கி வந்திருப்பார். விலை குறைவு, குரைத்து அண்டை வீட்டாரை எழுப்புவதில்லை, தின்பது புல். இதனினும் எளிய செல்லப் பிராணி ஏது என்று தோன்றும். ஆறு திங்கள் கழித்து அதே வீட்டில் எழும் கேள்விகள் அத்துணை எளியவையல்ல.

முதற் கேள்வி தொகை பற்றியது. இரண்டும் பெண் என்று விற்றவர் உறுதி கூறியிருப்பார். சிறு குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது பழகியவர்க்கே அரிது. ஆயினும், தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர் சந்தையில் குறைவில்லை. நான்கு முதல் ஆறு திங்களில் முயல் பருவம் எய்தும். சினைக்காலம் 30 முதல் 32 நாள்; ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் கூடும். ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் சாதாரணம். இரண்டு முயலுக்கென்று அமைத்த கூண்டில் ஆண்டு முடியுமுன் இருபது நிற்கும்போதுதான் வீட்டார் விழித்துக்கொள்கின்றனர்.

பிறகு என்ன செய்வது? ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் வைப்பது ஒரு வழி. இனப்பெருக்கத் தடை அறுவை மற்றொன்று. பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் காணும் இயல்பு மிகுதி என்பதால், அவ்வறுவை உயிர் காப்பதும் ஆகும். பாலக்காட்டில் உள்ளோர்க்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவில் உள்ளது. எங்குச் சென்றாலும், மருத்துவர் முயலுக்கு அறுவை செய்து பழகியவரா என்று முன்னரே கேட்டறிதல் நலம்.

இறைச்சிக்காக வளர்ப்போரும் நம்மிடை உண்டு. அதில் இழிவு ஏதுமில்லை. மூணாற்றுக்குக் கிழக்கே, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் இருக்கிறது. அங்குள்ள மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா முதலிய இறைச்சி முயல் இனங்களைப் பேணி, மலைவாழ் உழவர்க்கு ஒரு பிழைப்பு வழியையும் காட்டியுள்ளது. நாம் குறை கூறுவது வேறொன்றை. குழந்தை பெயரிட்டு, மடியில் வைத்துக் கொஞ்சிய முயலை ஞாயிற்றுக்கிழமை குழம்பாக்கிவிட்டு, ‘அது ஓடிப்போயிற்று’ என்று சொல்வது தகாது. குழந்தைக்கு உண்மை என்றேனும் தெரிந்தே தீரும். செல்லத்துக்கா, சமையலுக்கா என்பதை முயல் வாசற்படி ஏறுமுன்பே பெற்றோர் முடிவு செய்து, குழந்தைக்கும் தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும்.

மிஞ்சியவற்றைக் காட்டில் விட்டுவிடலாம் என்பாரும் உளர். வீட்டு முயல் ஐரோப்பியக் காட்டினத்தின் வழி வந்தது. நம் மலைகளில் திரியும் பிடரி கறுத்த காட்டு முயல் முற்றிலும் வேறினம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம். இதனைக் காட்டில் விடுவதும் தவறு. கூண்டில் பிறந்த முயல் பெரும்பாலும் சில நாட்களுள் நரிக்கோ நாய்க்கோ இரையாகும். இரையாகாது பெருகினாலோ அது வேறு துன்பம். ஆஸ்திரேலியாவில் 1859ஆம் ஆண்டு ஒரு செல்வர் வேட்டைக்கென விட்ட இரண்டு டஜன் முயல்கள் நாட்டையே மேய்ந்து தீர்த்த வரலாறு பலரும் அறிந்ததே.

மலைக்கும் சமவெளிக்கும் இடையே குடிமாறும் நம் குடும்பங்கள் தட்பவெப்பத்தைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். முயல் குளிரைத் தாங்கும்; வெப்பத்தைத் தாங்காது. அதற்கு வியர்ப்பதில்லை, உடற்சூட்டைப் பெரிதும் காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. மூணாற்றில் சுகமாயிருந்த முயலை, 40 பாகையைத் தொடும் பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் ஒரு பிற்பகலே அதற்கு எமனாகும். கூண்டு நிழலில் இருக்கட்டும். மேலே ஈரச்சாக்கு கிடக்கட்டும். உறைந்த நீர்ப்புட்டியைத் துணி சுற்றி உள்ளே வைக்கலாம். மூச்சு இரைத்து எச்சில் வடிந்தால் காதுகளை ஈரத்துணியால் துடைத்து மருத்துவரிடம் விரைக. தண்ணீரில் அமிழ்த்துதல் கூடாது. குடிபெயர்வதாயின் கோடையைத் தவிர்த்து, இரவில் கொண்டு செல்வது நன்று. இடுக்கிப் பக்கத்திலோ குளிரைவிட மழைச்சாரலும் நனைந்த தரையுமே பகை. கூண்டைத் தரையினின்று உயர்த்தி, காற்றடிக்கும் பக்கத்தை மறைக்க வேண்டும். அடித்தளம் கம்பிவலை மட்டுமாயின் பாதம் புண்ணாகும். ஒரு பகுதியில் பலகை இடுக.

உணவில் புல்லே முதன்மை. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பதால் நார்ப்பொருளை மென்று தேய்த்தாக வேண்டும். வட்டவடையில் கேரட் மலிவாய்க் கிடைக்கிறதென்று அதனையே போடுவோர் பலர். அதில் சர்க்கரை மிகுதி, ஒரு துண்டு போதும். சோறும் ரொட்டியும் வேண்டா. பச்சை மரவள்ளி இலையில் நஞ்சு உண்டு. தேயிலைப் பாத்திகளின் ஓரத்துப் புல்லை அறுக்குமுன், களைக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரிக்கவும். புல் பசுமையாய்த் தோன்றும்போதும் மருந்து அதில் தங்கியிருக்கும். இரவில் முயல் தன் மென்கழிவைத் தானே உண்பது கண்டு சிலர் அருவருத்துத் தடுக்கின்றனர். அஃது அதற்கு இன்றியமையாத சத்து. அரைநாள் உண்ணாதிருந்தால் ‘நாளை பார்ப்போம்’ என்றிருத்தல் ஆகாது. வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதோ கொலைக்கு ஒப்பாகும். அம்மருந்து முயலின் குடலையே குலைத்துவிடும்.

நன்கு பேணினால் முயல் எட்டு, பத்து ஆண்டு வாழும். மூன்றாம் வகுப்பில் கேட்ட குழந்தை கல்லூரிக்கு வெளியூர் செல்லும் காலத்திலும் கூண்டு காலியாகியிராது. அதற்கிடையே பொங்கல்தோறும் போடிக்கோ தேனிக்கோ திருநெல்வேலிக்கோ குடும்பம் ஊர் செல்லும். அப்போது புல் இடவும் நீர் மாற்றவும் அடுத்த வீட்டு அக்காளோ சித்தப்பாவோ இசைவார்களா என்பதை மார்கழியிலேயே கேட்டு வைக்கவும். புறப்படும் நாளன்று கூண்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நிற்பது அவர்களுக்கும் சங்கடம், முயலுக்கும் சங்கடம்.