பெரிதாகும் படமும் மாறாத முகமும்

மனிதன் மறைந்த பின்னர் அவன் வீட்டில் எஞ்சுவன அவன் பெயரும் படமுமே. பெயரை நா மறவாது. முகத்தையோ மனம் நாளடைவில் மங்கவிடுகின்றது. அதனாலன்றோ நம் இல்லங்களில் மூத்தோரின் படங்கள் சுவரில் இடம்பெறுகின்றன. முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெறும் நினைவு மலரின் முதற் பக்கத்தில் படம் விளங்குகின்றது. ஆண்டுத் திவசத்தன்று அதற்கு மாலை சூட்டி விளக்கேற்றுகின்றோம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே இத்தகைய படங்களுக்கு நேர்ந்த கதி கொடிது. 1990ஆம் ஆண்டில் உடுத்த உடையுடன் வெளியேறிய குடும்பங்கள் பல. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, கரையோர வீடுகளுக்குள் புகுந்து அல்பங்களையும் சுவர்ப் படங்களையும் அள்ளிச் சென்றது. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஆகவே, தந்தையையோ மகனையோ நினைவுகூர அடையாள அட்டையிலுள்ள சிறு படமொன்றே, அல்லது கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் மூன்றாம் வரிசையில் தெரியும் முகமொன்றே மிஞ்சிய வீடுகள் உள. அதனை எடுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குச் செல்வோரின் கேள்வி ஒன்றே: "தம்பி, இதைப் பெருப்பித்துத் துலக்கமாக்கித் தரமுடியுமா?"

முடியும் என்பதும் உண்மை. முடியாது என்பதும் உண்மை. எல்லை எங்குளது என்பதை அறிந்துகொண்டால், ஏமாற்றமும் இல்லை, பிழையும் நேராது.

புள்ளிக் கணக்கு

டிஜிட்டல் படமானது நம் பெண்கள் முற்றத்தில் இடும் புள்ளிக் கோலத்தை ஒத்தது. நெடுக்கும் குறுக்குமாக வரிசைப்பட்ட நிறப் புள்ளிகளே படம். அவற்றைப் பிக்சல் என்பர். கையில் வைத்துப் பார்க்கும் தரமான அச்சுப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்பது அச்சுத் தொழிலில் வழங்கும் கணக்கு. 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உடைய படத்துக்கு 2400க்கு 3000, அதாவது 72 இலட்சம் புள்ளிகள் தேவை. கையிலுள்ள படத்தில் 600க்கு 750 புள்ளிகளே இருப்பின் அவை நாலரை இலட்சமாகும். எஞ்சிய அறுபத்தேழரை இலட்சம் புள்ளிகள் எங்கிருந்து வரும்?

கணினி அயலிலுள்ள புள்ளிகளைப் பார்த்து அவற்றைத் தானே உண்டாக்குகின்றது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தை இடுகின்றது. பைகியூபிக் என்னும் முறை, புதிய புள்ளி ஒவ்வொன்றுக்கும் சுற்றியுள்ள 16 புள்ளிகளைக் கணக்கில் எடுக்கின்றது. இதனால் படம் கட்டங்கட்டமாக உடையாது வழவழப்பாக வரும். ஆயினும், பாலில் நீர் கலந்தாற்போல அளவு பெருகுமேயன்றிச் சத்துப் பெருகாது. மூலப் படத்தில் பதியாத கண்ணிமையை எந்தக் கணக்கும் மீட்டுத் தரமாட்டாது.

துலக்கம் என்னும் மாயம்

பெரிதாக்கிய படம் மங்கலாகத் தோன்றுவது இயல்பு. அதற்கு மருந்தாகக் கையாளப்படுவதே கூர்மையாக்கல். இதற்குரிய 'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் கருவியின் பெயர், பழைய இருட்டறைக் காலத்தது. நெகற்றிவ்விலிருந்து வேண்டுமென்றே மங்கலானதொரு பிரதியை எடுத்து, அதனையும் நெகற்றிவ்வையும் சேர்த்து அச்சிடுவார்கள். விளிம்புகள் எடுப்பாக வரும். இன்று மென்பொருள் அதனையே செய்கின்றது. விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருளச் செய்து, ஒளிர்ந்த பக்கத்தை மேலும் ஒளிரச் செய்கின்றது. புதிய நுட்பம் எதுவும் பிறப்பதில்லை. நம் கண்ணே அதனைத் தெளிவெனக் கொள்கின்றது.

அளவறிந்து செய்தால் இம்மாயம் இனியது. மிஞ்சினாலோ, தலைமயிரைச் சுற்றி வெள்ளைக் கோடு படரும். கன்னத்தின் மெல்லிய புள்ளிகள் அம்மைத் தழும்புகளாகும். ஆதலால் முதலில் கறைகளை நீக்கி, அடுத்து அச்சிடும் அளவுக்குப் பெரிதாக்கி, இறுதியிலேதான் கூர்மையாக்க வேண்டும். மை பரவும் மங்கல் தாளுக்குச் சற்றுக் கூடுதலாகவும், பளபளப்புத் தாளுக்குக் குறைவாகவும் இடுதல் நன்று.

யந்திரம் வரையும் முகம்

அண்மைக் காலத்தில் வேறொரு முறையும் வந்துள்ளது. எண்ணற்ற முகங்களைக் கண்டு பயின்ற செயற்கை அறிவு நிரல்கள், மங்கிய முகத்தைக் கணப்பொழுதில் தெளிவாக்கித் தருகின்றன. இமை தெரிகின்றது; பற்கள் தெரிகின்றன. ஆனால் அவை எவருடைய இமை? எவருடைய பற்கள்? 2020ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'பல்ஸ்' என்னும் நிரலிடம் பராக் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் தெளிவாகத் தீட்டித் தந்தது! உலகறிந்த முகத்துக்கே இக்கதியென்றால், மூதூரில் மீன்பிடித்து வாழ்ந்த ஒருவரின் முகத்தை அது எங்ஙனம் அறியும்?

படம் அழகுப் பொருள் மட்டுமன்று; சான்றுமாகும். 1956ஆம் ஆண்டில் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலையடியில் கடலில் மூழ்கி, பழைய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். கலங்கிய நீரில் எடுத்த படமொன்றில், கல்லில் இல்லாத பூவேலையை யந்திரம் சேர்த்துவிடின், அது வரலாறாகுமா? காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி, 2017ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் அமர்ந்த தாய்மாரை எண்ணுங்கள். அப்படங்களில் மூக்கின் வளைவு மாறினாலும், மச்சமொன்று மறைந்தாலும், தேடப்படுபவர் வேறொருவராகி விடுவார்.

செய்யத் தக்கன

ஆகவே மூலப் படத்தையே தேடிப் பிடித்தல் முதற் கடமை. கைத்தொலைபேசியில் சாய்வாக எடுத்த பிரதியை விட, ஸ்கேனரில் நேராக எடுத்த பிரதி சிறந்தது. 35க்கு 45 மில்லிமீற்றர் அளவான படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளிகளாகப் பதிவுசெய்தால், 8 அங்குல அகலத்தில் அச்சிடும்போதும் அங்குலத்துக்கு 200 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். மூன்றடி தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு 100 புள்ளிகளே போதுமாதலின், சுவர்ப் படத்துக்கு இது தாராளம். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரண படமாகப் பெறாது, கோப்பாக அனுப்பச் செய்யுங்கள்; இல்லையேல் வழியிலேயே புள்ளிகள் குறைந்துவிடும். நீரில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரித்தெடுக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பதிவுசெய்யுங்கள். திருத்தும் பணியைப் பிரதியிலே செய்து, முதற் பதிவைத் தொடாது பேணுங்கள்.

ஸ்ரூடியோ நடத்தும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செயற்கை அறிவைக் கையாண்டிருப்பின் அதனைக் குடும்பத்தாருக்குச் சொல்லிவிடுங்கள். அச்சிடுமுன், அந்த மனிதரோடு பழகிய முதியவர் ஒருவரிடம் மூலத்தையும் புதியதையும் அருகருகே காட்டுங்கள். "வடிவாய்த்தான் இருக்குது, ஆனால் இவர் அவரில்லைத் தம்பி" என்று அவர் சொன்னால், அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

பெரிய சட்டத்தினுள் அகன்ற வெள்ளை அட்டையிட்டு, நடுவே சிறிய படத்தை வைப்பதும் கண்ணுக்கு நிறைவானதே. சற்று மங்கலாயினும் அது தந்தையின் முகம். பேரப்பிள்ளைகள் அம்முகத்தைப் பார்த்தே அவரை அறியப்போகின்றார்கள். அவர்களுக்கு வேறொருவர் முகத்தைக் காட்டலாகாது.