பறவைப் பாடமும் தும்பா ஏவுதளமும்

திருவனந்தபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூரை ஒட்டிச் செல்வதால், மேல் வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடம் இதுவே என அறிவியலாளர் தேர்ந்தனர். மீனவ மக்கள் தாம் குடியிருந்த நிலத்தையும், வழிபட்ட புனித மகதலேனா மரியாள் ஆலயத்தையும் விட்டுக்கொடுத்து வேறிடம் பெயர்ந்தனர். அவ்வாலயமே ஏவுதளத்தின் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. ராக்கெட் அமெரிக்காவினுடையது. அதனை ஏவப் பணியாற்றிய இளம் பொறியாளர்களுள் ஒருவர் இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்.

அவர் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். விளங்கவில்லை என்று பிள்ளைகள் கூறினர். உடனே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும் வாலை அசைத்துத் திசை மாற்றுவதையும் நேரில் காட்டினார். பறத்தலைப் பற்றிய வேட்கை அன்றே தம்முள் பிறந்ததாகக் கலாம் பின்னாளில் கூறியுள்ளார்.

அவ்வாசிரியர் மாணவரை எந்த வேலைக்கும் ஆயத்தம் செய்யவில்லை, செய்திருக்கவும் இயலாது. கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் 1949-இல்தான் தோன்றியது. உலகின் முதல் செயற்கைக்கோள் 1957-இல் ஏவப்பட்டது. தும்பாவிலோ அன்று மீன்வலைகளே உலர்ந்துகொண்டிருந்தன.

அந்நிறுவனத்தில் சேரப் பணம் இல்லாதபோது, தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துதவினார். அவ்வாறு பெற்ற கல்வியைக் கொண்டு விமானப்படையில் விமானி ஆகவே கலாம் விரும்பினார். தேராதூனில் நடந்த தேர்வில் எட்டுப் பேரே தெரிவு செய்யப்பட்டனர். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். விரும்பிய வேலை நழுவிற்று. காற்று சிறகைத் தாங்கும் விதத்தைக் கற்ற அறிவு நழுவவில்லை. சில ஆண்டுகளில் அவ்வறிவே அவரைத் தும்பாவுக்குக் கொணர்ந்தது.

‘படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்று பெற்றோர் கேட்பது பிழையன்று. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தில் அதுவே முதல் வினாவாக எழும். ஆயினும், இன்று பயிலும் மாணவர் நாளை செய்யவிருக்கும் தொழில்களுள் சிலவற்றிற்கு இன்னும் பெயரே இடப்படவில்லை. அவற்றுக்கெனத் தனிப் பாடம் எழுத எவராலும் இயலாது. ஒன்று ஏன் அவ்வாறு நிகழ்கிறது என வினவிப் பழகியவரோ, புதிய தொழிலையும் கற்றுக்கொள்வர்.

தும்பாவில் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவூர்தி, 1979-இல் முதல் முயற்சியில் கடலில் வீழ்ந்தது. பிழை கண்டறிந்து திருத்தினர். 1980 ஜூலை 18 அன்று அவ்வகை ஏவூர்தி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.