தீவில் பிறந்த இரண்டு நகரங்கள்

மும்பை மகாராஷ்டிரத்தின் தலைநகரம். ஸ்டாக்ஹோம் சுவீடன் நாட்டின் தலைநகரம். சுவீடன் எங்கே இருக்கிறது? ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். பகல் ஆறு மணி நேரம்தான்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் தீவுகளில் உண்டானவை. ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் இருக்கிறது. மும்பை ஒரு காலத்தில் 7 தீவுகளாக இருந்தது.

ஸ்டாக்ஹோமில் அந்தத் தீவுகள் இன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒரு பக்கம் ஏரி. மறு பக்கம் கடல். தீவுகளைப் பாலங்கள் இணைக்கின்றன. படகுகளும் ஓடுகின்றன. கோடையில் ஊர் நடுவிலேயே மக்கள் நீந்திக் குளிக்கிறார்கள்.

மும்பையின் கதை வேறு. போர்ச்சுகல் இளவரசியை இங்கிலாந்து மன்னர் மணந்தார். அதற்கான ஒப்பந்தம் 1661-இல் ஆனது. மும்பைத் தீவு சீதனமாகப் போயிற்று. 1668-இல் மன்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். ஆண்டு வாடகை 10 பவுண்டு. இன்று அங்கே ஒரு சிறு அறைக்குக் கொடுக்கும் வாடகையை நினைத்துப் பாருங்கள்!

பிறகு தீவுகளுக்கு நடுவே அணை கட்டினார்கள். மண்ணையும் கல்லையும் கொட்டினார்கள். கடல் பின்வாங்கியது. ஏழு தீவுகள் ஒன்றாயின. ஆலைகள் வந்தன. கூலி வேலைக்கு மக்கள் குவிந்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

1896-இல் பிளேக் நோய் வந்தது. ஏராளமானோர் இறந்தார்கள். பலர் ஊரை விட்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் அமைந்தது. ஊருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளுக்குத் திட்டம் போட்டது. அகலமான தெருக்கள், மரங்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்கள் அந்தத் திட்டத்தில் வந்தவைதான். சாவு கற்றுக்கொடுத்த பாடம் அது.

அந்தத் தெருக்களில் தமிழர்கள் பலர் குடியேறினார்கள். குமாஸ்தாக்கள், தட்டச்சர்கள், ரயில்வே ஊழியர்கள் வந்தார்கள். கோயில் எழுந்தது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. பூக்கடையும் காபிக்கொட்டை வாசனையும் தெருவுக்கு வந்தன. 1942-இல் ராம நாயக்கின் உடுப்பிச் சாப்பாட்டுக் கடை திறந்தது. இன்றும் அங்கே இலைச் சாப்பாடு கிடைக்கிறது. 2017-இல் மாட்டுங்கா ரயில் நிலையத்தை முழுக்கப் பெண்களே நடத்தத் தொடங்கினார்கள். நாட்டிலேயே அதுதான் முதல்.

ஆனால் மழைக்காலத்தில் பழைய கடல் திரும்பி வருவதுபோல் இருக்கும். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் தாழ்வான இடம். மழை நீர் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அது வெளியேற முடியாது. தெருவில் தேங்கி நிற்கும். முழங்கால் அளவு, சில நேரம் இடுப்பளவு. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஊரே மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

இப்போது கடலோரத்தில் பெரிய பம்புகள் நீரை இறைக்கின்றன. அவை உதவுகின்றன. ஆனாலும் பெருமழையில் போதவில்லை. ஸ்டாக்ஹோம் தண்ணீருக்கு இடம் விட்டது. மும்பை அந்த இடத்தில் வீடு கட்டியது.

ஜூன் மாதம் பிறந்தால் மும்பை மாநகராட்சி கடல் ஏற்றம் வரும் நாளையும் நேரத்தையும் அறிவிக்கிறது. செய்தித்தாளிலும் அது வரும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.