ஆராய்ச்சிப் பொருளுதவி விண்ணப்பம்

ஆராய்ச்சி செய்வார்க்கு அறிவோடு பொருளும் வேண்டும். அப்பொருளை நல்குவோர் பெரும்பாலும் நம்மை நேரிற் காண்பதில்லை. நாம் எழுதிய விண்ணப்பமே நமக்காகப் பேசுகின்றது. ஆதலின் அதனை அனுப்புமுன் நாமே நமக்குப் பரீட்சகராதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1950-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தை உதாரணமாகக் கொள்வோம். அது 2024-ஆம் ஆண்டு மே மாதம் அமலுக்குக் கொணர்ந்த விதிகளின்படி, சுருக்கம் 1 பக்கத்துள்ளும், திட்ட விவரணம் பொதுவாக 15 பக்கத்துள்ளும் அடங்கவேண்டும். பக்கத்தின் நாற்புறமும் விடும் இடம் 1 அங்குலத்திற் குறையலாகாது. இவற்றிற் பிழைத்தால் விண்ணப்பம் மதிப்பிடும் அறிஞர் கைக்குச் செல்லாமலே திரும்பக்கூடும். பல திங்கள் உழைப்பு ஓரங்குலத்தாற் கெடும்.

எனவே மும்முறை சோதிப்போமாக. முதலாவது, விதியேட்டை அருகில் வைத்துப் பக்கமும் எழுத்தளவும் பார்ப்போம். இரண்டாவது, செலவுப் பட்டியலைத் திட்டத்தோடு ஒப்பிடுவோம். வேலை மூன்றாண்டென்று கூறி, உதவியாளர்க்கு ஈராண்டுச் சம்பளமே கேட்டால், மூன்றாம் ஆண்டில் வேலை செய்பவர் யார்? மூன்றாவது, அத்துறை அறியாத நண்பர் ஒருவரைப் படிக்கச்செய்து, நாம் ஆராயப்புகுவது யாதென வினவுவோம். அவர் கூறமாட்டாராயின் குறை அவருடையதன்று, நம்முடையதே.

கோபுரங் கட்டப் புகுமுன் செலவைக் கணக்கிடாதவனைப் பற்றிய சுவிசேஷ உவமையை நாம் அறிவோம். தன் கைப்பொருளைச் செலவிடுவோனுக்கே அவ்வெச்சரிக்கை வேண்டுமாயின், குடிகளின் வரிப்பணத்தை வேண்டிநிற்கும் நமக்கு அது எத்துணை வேண்டும்!