தொப்பி ஊசியில் நின்ற தேவதைகள்

ஓடைப் பக்கம் போகாதே என்று அம்மா சொல்வதும், தொப்பலாக நனைந்து பிள்ளை வந்து நிற்பதும் எல்லா ஊரிலும் உண்டு. 1917 கோடையில் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் ஒன்பது வயது ஃபிரான்சிஸ் அப்படித்தான் திட்டு வாங்கினாள். அங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, தேவதைகளைப் பார்க்கப் போனேன் என்றாள். வீட்டில் சிரித்தார்கள். அக்கா முறையான பதினாறு வயது எல்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பாவின் கேமராவை வாங்கிக்கொண்டு இருவரும் ஓடைக்குப் போனார்கள்.

இருட்டறையில் கண்ணாடித் தகட்டைக் கழுவிய அப்பா ஆர்தர் ரைட், ஃபிரான்சிஸின் முன்னால் குட்டித் தேவதைகள் ஆடுவதைப் பார்த்தார். மகள் நன்றாக வரைவாள் என்பது அவருக்குத் தெரியும். வெட்டிய அட்டைதானே என்றார். இரண்டு மாதத்தில் இன்னொரு படம், இம்முறை எல்சியும் ஒரு குள்ளனும். இனி கேமரா கிடையாது என்றுவிட்டார். சரியான தீர்ப்பு; மேல்முறையீட்டில்தான் கெட்டது.

1919இல் எல்சியின் அம்மா அந்தப் படங்களைப் பிராட்ஃபோர்டு பிரம்மஞான சபைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். நம் அடையாற்றில் தலைமையகம் உள்ள அதே சபைதான். சபையின் எட்வர்ட் கார்ட்னர் அவற்றை ஹரோல்ட் ஸ்னெல்லிங் என்ற புகைப்பட நிபுணரிடம் காட்டினார். ஒரு தகட்டில் இரண்டு முறை படமெடுக்கவில்லை, நெகடிவில் கைவைக்கவில்லை என்றார் அவர். முழு உண்மை! கேமரா முன்னால் இருந்ததைத்தான் கேமரா பதிவுசெய்திருந்தது. இருட்டறையில் நடக்கக்கூடிய தில்லுமுல்லுகளையெல்லாம் தேடினார்கள். கத்தரிக்கோல் செய்த வேலை பிடிபடவில்லை. படத்திலேயே துப்பு இருந்தது. பின்னால் விழும் அருவி நீர் கலங்கலாகப் பதிந்திருக்க, காற்றில் ஆடும் தேவதைகள் மட்டும் துல்லியமாக நின்றார்கள். கொடாக் நிறுவனம் சான்றிதழ் தர மறுத்தது.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாய்லுக்கு அதெல்லாம் தடையாகவில்லை. ஆவியுலகில் நம்பிக்கை கொண்டிருந்தவர், 1918இல் மகனையும் பறிகொடுத்திருந்தார். உழைப்பாளி வீட்டுக் கிராமத்துப் பெண்களுக்கு இத்தனை சாமர்த்தியம் ஏது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. அட்டைக் குள்ளனைக் குத்தித் தாங்கிய தொப்பி ஊசியின் நுனியை அவர் தொப்புள் என்றே எடுத்துக்கொண்டாராம். 1920 டிசம்பர் ஸ்ட்ராண்ட் இதழில் அவர் கட்டுரை வந்தது.

ஹோம்ஸை எழுதியவரையே ஏமாற்றிவிட்டோம் என்று தெரிந்தபின் பிள்ளைகள் எப்படி வாய் திறப்பார்கள்? திறக்க 1983 ஆனது. இருவரும் பாட்டிகளாகியிருந்தார்கள். வீட்டாரைச் சீண்டச் செய்த வேலையைப் பெரியவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதே புரியவில்லை என்றார் ஃபிரான்சிஸ். ஆடும் தேவதைகளை 1914இல் வந்த ஒரு சிறுவர் பரிசுப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து, சிறகு சேர்த்து, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியிருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் டாய்லின் கதையும் ஒன்று இருந்தது.